பள்ளம் யாருடையது? டெஸ் தரவில் மங்கலான கிரகண இரட்டைகளைத் தேடும்போது வரும் கோளாறுகள்

போன ஆடி மாதம், கூழ் ஊற்றும் ஞாயிறு. (டர்பனில் பிள்ளைகளுக்கு 'பாரிட்ஜ் பிரேயர்' என்றால்தான் புரியும்.) சாட்ஸ்வர்த்தில் கோயில் வாசலில் சொம்போடு வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பையன் ஒருவன், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக: "அண்ணா, எக்லிப்சிங் பைனரி ஒண்ணு கிடைச்சுடுச்சு! ஒரு பர்சென்ட் டிப், ரெண்டே முக்கால் நாளுக்கு ஒரு தடவை, பக்காவா வருது!"

எக்லிப்சிங் பைனரி என்றால் கிரகண இரட்டை: ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். ஒன்று மற்றதை மறைக்கும்போதெல்லாம் ஒளி குறையும், அந்தக் குறைவுதான் டிப், பள்ளம். அவன் சொன்ன எல்லாம் சரிதான், விண்மீனைத் தவிர. அந்தப் பள்ளம் அவன் பார்த்துக்கொண்டிருந்த விண்மீனுடையதே இல்லை.

இது அவனுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலைந்து பேர் உட்கார்ந்து, நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் இத்தகைய இரட்டைகளைத் தேடுகிறோம். வந்த தவறுகளை, கண்ணில் படும் அறிகுறியைக் கொண்டு பிரித்துக் கீழே எழுதியிருக்கிறேன். பைத்தானும் லைட்கர்வ் தொகுப்பும் கணினியில் நிறுவியிருக்கிறீர்கள், மாஸ்ட் காப்பகத்திலிருந்து தரவை இறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ் தொலைநோக்கியின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை அகலம். (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை.) அதற்கு முந்தைய கெப்ளர் தொலைநோக்கியுடையது 4 விகலை. பரப்பில் பார்த்தால் கெப்ளர் பிக்சல் 28 கொள்ளும் இடம் டெஸ்ஸின் ஒரே பிக்சலில் இருக்கிறது. இரவில் டர்பன் கடற்கரையில் நின்று, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கப்பல் அருகருகே நின்றால் தூரத்தில் ஒரே விளக்காகத்தான் தெரியும். அந்த விளக்கு மங்கினால் எந்தக் கப்பலில் விளக்கணைத்தார்கள் என்று கரையிலிருந்து எப்படிச் சொல்வது? கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் வந்து முடியும்.

"பள்ளம் அழகாக இருக்கிறது, ஆனால் ஆழம் 1 விழுக்காடுதான்"

பையனின் வழக்கு இதுதான். அவன் எடுத்த விண்மீன் 11ஆம் பொலிவெண். (எண் கூடக் கூட மங்கல், 5 எண் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு.) ஆழம் குறைந்த பள்ளத்தைப் பார்த்ததும் சிலர் கோள் என்று துள்ளுவார்கள், சிலர் விளிம்பை மட்டும் உரசிப் போகும் கிரகணம் என்பார்கள். இரண்டுக்கும் முன்னால் பக்கத்து வீட்டைச் சந்தேகப்படுங்கள்.

கணக்கு எளிது. பக்கத்தில் 15ஆம் பொலிவெண்ணில் ஒரு விண்மீன் இருக்கிறது என்று வையுங்கள். 4 எண் வித்தியாசம், அதாவது 40 மடங்கு மங்கல். அபெர்ச்சருக்குள், அதாவது ஒளியைக் கூட்டி அளக்கும் பிக்சல்களுக்குள், விழும் 41 பங்கு ஒளியில் ஒரு பங்குதான் அதனுடையது. அந்த ஒரு பங்கில் 40 விழுக்காடு மறைந்தால் மொத்த ஒளியில் குறைவது ஏறக்குறைய 1 விழுக்காடு. 40 விழுக்காடு ஆழம் கிரகண இரட்டைக்குச் சர்வ சாதாரணம். ஆகவே பளிச்சென்ற விண்மீனில் தெரியும் மெல்லிய பள்ளம், பக்கத்தில் இருக்கும் மங்கலான விண்மீனின் பெரிய கிரகணமாக இருக்கலாம். நாம் தேடி வந்ததே மங்கலானவற்றைத்தானே, அதனால் இது நமக்கு ஏமாற்றமும் இல்லை.

எல்லை எங்கே என்பதும் இதே கணக்கில் வந்துவிடும். ஒரு விண்மீன் முழுசாக அணைந்தே போனாலும், 1 விழுக்காடு பள்ளம் தர வேண்டுமானால் அது உங்கள் விண்மீனைவிட 5 எண்ணுக்கு மேல் மங்கலாக இருக்க முடியாது. 11க்கு 16 எல்லை. கையா விண்கலத்தின் விண்மீன் அட்டவணையை எடுத்து, சுற்றிலும் ஒரு கலை ஆரத்துக்குள் 16 வரை உள்ள விண்மீன்களைப் பட்டியலிடுங்கள். ஆள் யாரென்று சந்தேகப் பட்டியல் தயார். ஒரு எச்சரிக்கை: கையாவின் ஜி பொலிவெண்ணும் டெஸ்ஸின் பொலிவெண்ணும் ஒன்றல்ல. டெஸ் 600 முதல் 1000 நானோமீட்டர் வரை, சிவப்புப் பக்கம் சாய்ந்து பார்க்கிறது. சிவப்புக் குள்ளன் ஒன்று ஜி அளவில் 17 என்றிருக்கும், டெஸ் கண்ணுக்கு 16ஐ ஒட்டி வந்து நிற்கும். டெஸ் உள்ளீட்டு அட்டவணையில் உள்ள டெஸ் பொலிவெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யார் என்று கண்டுபிடிப்பது. எனக்குப் பிடித்த வழி கழித்தல் படம். படத்தை வெட்டித் தரும் டெஸ்கட் மூலம் அந்த இடத்தைச் சுற்றி 15க்கு 15 பிக்சல் வெட்டி எடுங்கள். கிரகணத்துக்கு வெளியே உள்ள படங்களின் சராசரியிலிருந்து கிரகணத்துக்குள் உள்ள படங்களின் சராசரியைக் கழியுங்கள். மாறாத விண்மீன்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மாறியது மட்டும் புள்ளியாக மிஞ்சும். பையனின் படத்தில் அந்தப் புள்ளி நடு பிக்சலில் இல்லை. இரண்டு பிக்சல் தள்ளி, ஓரத்தில் மினுக்கியது. அங்கே கையா 15ஆம் பொலிவெண்ணில் ஒரு விண்மீனைக் காட்டியது.

"அப்போ என்னோடது இல்லையா?" என்று கேட்டான். உன்னுடையதுதான்டா, வீட்டு எண்தான் மாறிவிட்டது என்றேன்.

கழித்தல் படத்துக்குப் பொறுமை இல்லை என்றால், ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) வரைந்து பாருங்கள். பள்ளம் எந்தப் பிக்சலில் விழுக்காட்டில் அதிக ஆழமோ அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார். ஆழமும் அங்கே ஒற்றைப் பிக்சலில் 20, 30 விழுக்காடு என்று ஏறும்போது வரும் சந்தோஷம் தனி. ஒளிமையத்தின், அதாவது அபெர்ச்சருக்குள் விழும் ஒளியின் சராசரி இடத்தின், நகர்வும் உதவும்: கிரகணத்தின்போது ஒளிமையம் மறையும் விண்மீனை விட்டு எதிர்ப்பக்கம் விலகும். எதிர்ப்பக்கம் என்பதை மறந்து, விலகிய திசையிலேயே போய்த் தேடி ஒரு மாலை முழுக்க வீணடித்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு சந்தேக நபர்களும் ஒரே பிக்சலில், 5 விகலை இடைவெளியில் இருந்தால்? டெஸ்ஸால் பிரிக்க முடியாது. தரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"பள்ளம் இருக்க வேண்டும், ஆனால் காணோம்"

ஏற்கெனவே கிரகண இரட்டை என்று தெரிந்த விண்மீனைப் பயிற்சிக்காக எடுத்தேன், நேர்கோடாக வருகிறது என்பார்கள். தரவு நல்ல தரவுதான். துடைத்தது நீங்கள்.

முதல் குற்றவாளி, விலகிய புள்ளிகளை நீக்கும் கட்டளை. லைட்கர்வில் அது முன்னிருப்பாக 5 சிக்மாவுக்கு (வழக்கமான சிதறலின் ஐந்து மடங்குக்கு) வெளியே உள்ள எல்லாவற்றையும் வெட்டும், மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும். ஆழமான, குறுகிய கிரகணம் என்பது கீழ்ப்பக்கம் விலகிய புள்ளிகள் தவிர வேறென்ன? கீழ் எல்லையை முடிவிலி என்று கொடுத்து, மேல் எல்லையை மட்டும் 3 அல்லது 4 என்று வையுங்கள்.

இரண்டாவது குற்றவாளி நயமானது. ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஃப்ளாட்டன் கட்டளையின் முன்னிருப்புச் சாளரம் 101 புள்ளிகள். நேரம் இல்லை, புள்ளிகள். 2018 முதல் 2020 வரை டெஸ் முழுச்சட்டப் படங்களை (கேமராவின் முழுப் பார்வையும் அடங்கியவை) 30 நிமிடத்துக்கு ஒன்றாகத் தந்தது. அப்போது 101 புள்ளி என்றால் இரண்டு நாளுக்கு மேல். அடுத்த கட்டத்தில் 10 நிமிடம். 101 புள்ளி 17 மணி நேரம். 2022 செப்டம்பரிலிருந்து 200 வினாடி. 101 புள்ளி வெறும் ஐந்தரை மணி நேரம். நாலு மணி நேரம் நீடிக்கும் கிரகணத்தை ஐந்தரை மணி நேரச் சாளரம் 'போக்கு' என்று நினைத்துத் தின்றுவிடும். பழைய செக்டாரில் (டெஸ் வானத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் 27 நாள் கட்டம்) ஓடிய அதே நிரல் புதிய செக்டாரில் பள்ளத்தை விழுங்குவது இதனால்தான். சாளரத்தை எப்போதும் மணிக்கணக்கில் யோசித்துப் புள்ளிக்கு மாற்றுங்கள். கிரகண நீளத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்கட்டும். ஒன்றையொன்று தொட்டுச் சுற்றும் இரட்டைகளுக்குச் சமப்படுத்தவே வேண்டாம். அவற்றின் ஒளி ஒரு கணமும் நேராக நிற்பதில்லை, சமப்படுத்தினால் மிஞ்சுவது குப்பை.

மூன்றாவதாக, தரவோடு வரும் திருத்திய ஒளிவளைவு. அது கோள் தேடுபவர்களுக்காகச் செய்தது. பெரிய மாறுதல் உள்ள விண்மீன்களில் சில நேரம் அளவுக்கு மீறித் திருத்திவிடும். திருத்தாத வளைவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"ஒரே நேரத்தில் பல விண்மீன்களில் பள்ளம்"

இது வானம் இல்லை, கருவி. டெஸ் பூமியை 13.7 நாளுக்கு ஒரு முறை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. இரண்டு சுற்று சேர்ந்தால் ஒரு செக்டார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் பூமி, நிலா ஒளி கேமராவுக்குள் சிதறி வரும். பின்னணியைக் கழிக்கும் நிரல் தடுமாறும். 16ஆம் பொலிவெண் விண்மீன் வினாடிக்குத் தருவது சுமார் 60 எலக்ட்ரான். சாதாரண நாளிலேயே பின்னணி ஒரு பிக்சலுக்கு அந்த அளவை எட்டிவிடும். அந்தப் பின்னணி பல மடங்கு எகிறும்போது கழித்தலில் சின்னப் பிழை வந்தாலும் உங்கள் விண்மீன் 'கிரகணம்' காட்டும், சில சமயம் ஒளி எதிர்மறையாகவே போகும்.

சோதனை ஒரு நிமிட வேலை. பத்து பிக்சல் தள்ளி வேறு இரண்டு விண்மீனுக்கு அதே நிரலை ஓட்டுங்கள். அங்கேயும் அதே நேரம் பள்ளம் வந்தால் அந்த நாட்களை வெட்டிப் போடுங்கள், இரக்கம் வேண்டாம். பின்னணியின் வளைவையும் அடியில் வரைந்து வைப்பது என் பழக்கம். பள்ளமும் பின்னணி மேடும் ஒத்துப்போனால் பேச்சே இல்லை.

தேடல் நிரல் 13.7 நாள், அல்லது அதற்கு ஒட்டிய சுற்றுக்காலம் தந்தால் அதுவும் இதே நோய்தான்.

"ஒரே ஒரு பள்ளம், அப்புறம் ஒன்றுமில்லை"

மூன்று வாய்ப்பு. நீண்ட சுற்றுக்காலம் உள்ள உண்மையான இரட்டை; கருவிக் கோளாறு; அல்லது சிறுகோள். கடைசியைப் பலர் நினைப்பதில்லை. சிறுகோள் அபெர்ச்சருக்குள் ஊர்ந்து போனால் மேடு வரும். பின்னணி அளக்கும் பிக்சல்களுக்குள் ஊர்ந்து போனால் பள்ளம் வரும், அதுவும் இருபுறமும் சமச்சீராக, ஏமாற்றும் அழகோடு. படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள், ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

சிறுகோள் இல்லை என்றால் மற்ற செக்டார்களைத் தேடுங்கள். தென்வானத்தை டெஸ் 2018-19, 2020-21, 2023 என்று மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறது. இரண்டு பள்ளம் கிடைத்து இடைவெளி 700 நாள் என்றால் சுற்றுக்காலம் 700 நாள் என்று அர்த்தமில்லை. 700ஐ எந்த முழு எண்ணாலும் வகுத்துப் பார்க்கலாம். எந்த விடைக்குத் தரவு இருந்தும் பள்ளம் இல்லையோ அதை அடித்துக்கொண்டே வாருங்கள்.

"நிரல் சொன்ன சுற்றுக்காலத்தில் மடித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஏன் சந்தேகப்பட வேண்டும்?"

ஏனென்றால் பெரும்பாலும் அது உண்மையான காலத்தில் பாதி. (மடிப்பது என்றால் ஒவ்வொரு சுற்றின் ஒளிவளைவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது.) பெட்டி வடிவப் பள்ளத்தைத் தேடும் பி.எல்.எஸ். முறை கோள்களுக்காக 2002இல் வந்தது. இரண்டு விண்மீனும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், ஒன்று மறையும் பள்ளமும் மற்றது மறையும் பள்ளமும் ஒரே ஆழம். நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். 1.35 நாள் என்று சொன்னால் 2.70லும் மடியுங்கள். ஒற்றைப்படைப் பள்ளங்களும் இரட்டைப்படைப் பள்ளங்களும் கொஞ்சமாவது வேறுபட்டால், 31 விழுக்காடும் 27 விழுக்காடும் என்பது போல, 2.70தான் சரி. நான் எப்போதும் இரட்டித்த காலத்தில்தான் முதலில் மடிப்பேன்.

துணைப் பள்ளம், அதாவது இரண்டில் ஆழம் குறைந்தது, சுற்றின் நடுவில், கட்டம் 0.5இல், இல்லையென்று பயப்படாதீர்கள். நீள்வட்டப் பாதையில் அது 0.4க்கோ 0.65க்கோ நகரும். துணையே தெரியவில்லை என்றால் இரண்டாவது விண்மீன் மிகக் குளிர்ந்ததாக இருக்கலாம்.

"பள்ளமே இல்லை, அலை அலையாக வருகிறது"

தொட்டுச் சுற்றும் இரட்டையா, துடிக்கும் விண்மீனா, பரப்பில் கரும்புள்ளியுள்ள தனி விண்மீனா? மேசையில் அதிகம் சண்டை நடப்பது இதற்குத்தான். இரட்டித்த காலத்தில் மடித்துப் பாருங்கள். அடுத்தடுத்த தாழ்வுகள் சமமில்லையென்றால் இரட்டையின் பக்கம் சாயலாம். தாழ்வு கூர்மையாகவும் உச்சி உருண்டையாகவும் இருந்தாலும் அப்படியே. சட்டென்று ஏறி மெதுவாக இறங்கினால் ஆர்.ஆர். லைரே போன்ற துடிப்பு. மடித்த வளைவு செக்டாருக்குச் செக்டார் உருமாறினால் கரும்புள்ளிகள்.

டெஸ் ஒரே நிறப்பட்டையில் பார்ப்பதால் நிறச் சான்று அதிலிருந்து கிடைக்காது. ஆனால் அது நல்ல சான்று. தொட்டுச் சுற்றும் இரட்டையில் இரு விண்மீனின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் நீலத்திலும் சிவப்பிலும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய சமம். துடிக்கும் விண்மீன் நீலத்தில் அதிகம் ஆடும். நீல வடிகட்டியோடு இரண்டு இரவு கிடைத்தால் சண்டை தீர்ந்துவிடும். தொட்டுச் சுற்றும் சாதாரண இரட்டைகளின் காலம் 0.22 நாளுக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் விடை 0.11 என்றால் அது பாதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

"ஆழம் செக்டாருக்குச் செக்டார் மாறுகிறது"

மூன்றாவது விண்மீன் பாதையைச் சாய்க்கிறது என்று உடனே கட்டுரை எழுத உட்காராதீர்கள். அடுத்த செக்டாரில் கேமரா திரும்பியிருக்கும், உங்கள் விண்மீன் வேறு பிக்சலின் வேறு மூலையில் விழுந்திருக்கும், பக்கத்து வீட்டு ஒளி கூடக் குறைய உள்ளே வந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு அபெர்ச்சர் போட்டு, கலப்பொளியைக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் மாறினால்தான் யோசிக்க வேண்டும்.

30 நிமிடப் படத்தையும் 200 வினாடிப் படத்தையும் ஒப்பிட்டாலும் ஆழம் மாறும். பத்து நிமிடக் கிரகணத்தை 30 நிமிடப் படம் கரைத்துவிடும்.

"அடுத்த செக்டாரில் கணித்த நேரத்தில் கிரகணம் இல்லை"

பதறாதீர்கள், விண்மீன் எங்கும் போகவில்லை. ஒரு செக்டார் 27 நாள். அதிலிருந்து எடுத்த சுற்றுக்காலத்தில் சின்னப் பிழை இருக்கும். 2.7 நாள் காலத்தில் 0.0005 நாள் பிழை என்றால், இரண்டு வருடத்தில் 270 சுற்று, 0.135 நாள், மூன்றே கால் மணி நேரம். கணித்த நேரத்துக்கு இருபக்கமும் அகலமாகத் தேடி, கிடைத்ததைக் கொண்டு காலத்தைத் திருத்துங்கள். இடையில் உள்ள வருடங்களுக்கு ஆசாசன், அட்லஸ் போன்ற தரை ஆய்வுகளின் தரவு பொதுவில் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஒவ்வொரு தொலைநோக்கி நிலையம் இங்கேயே, தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் இருக்கிறது, நம் ஊர் இரவுகளில் எடுத்த படங்கள்.

பிழை மணிக்கணக்கில் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தால் நேர அளவைப் பாருங்கள். டெஸ் நேரம் என்பது ஜூலியன் நாளிலிருந்து (வானியலார் தொடர்ந்து எண்ணிவரும் நாள் எண்) 2457000 கழித்தது. கெப்ளர் நேரம் 2454833 கழித்தது. இரண்டையும் கலந்தால் 2167 நாள் தள்ளிப் போவீர்கள். சில நிமிடப் பிழை, வருடத்துக்கு ஒரு முறை அலையாக ஏறி இறங்குகிறதா? பூமி சூரியனைச் சுற்றுவதைத் திருத்தவில்லை, அது 8.3 நிமிடம் வரை முன்னும் பின்னும் போகும். மாறாமல் 69 வினாடி வித்தியாசமா? உலகப் பொது நேரத்தையும் இயக்கவியல் நேரத்தையும் கலந்திருக்கிறீர்கள். சரியாக 0.083 நாளா? அது இரண்டு மணி நேரம், தென்னாப்பிரிக்கக் கடிகாரம். கணினியின் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவிட்டீர்கள். இதை நான் செய்திருக்கிறேன், ஒரு முறை இல்லை.

"டெஸ்ஸால் பிரிக்க முடியவில்லை, இனி என்ன?"

இங்கேதான் கொல்லைப்புறம் வேலைக்கு வருகிறது. 8 அங்குலத் தொலைநோக்கி, சாதாரண சிமாஸ் கேமரா, 40 விழுக்காடு ஆழமான கிரகணம் என்றால் 15ஆம் பொலிவெண்ணையும் டர்பனிலிருந்து பிடிக்கலாம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் காய்ந்திருக்கும் நாட்களில். கோடையில் ஈரப்பதத்தில் கண்ணாடி வேர்த்துக்கொட்டும், முயல வேண்டாம். லோட்ஷெட்டிங் இருந்த வருடங்களில் ஊரே இருண்டு வானம் அற்புதமாக இருக்கும். கணினிக்குத்தான் மின்சாரம் இருக்காது. கார் பேட்டரியில் ஓட்டினோம்.

புதிதாக வருபவர்களை நான் முதலில் கணினி முன் உட்கார விடுவதில்லை. ஸீட்டா ஃபீனிசிஸைக் காட்டுவேன். வெறுங்கண்ணால் தெரியும் கிரகண இரட்டை, 3.9இலிருந்து 4.4க்கு இறங்கி ஏறும், 1.67 நாளுக்கு ஒரு முறை. வடக்கத்தியர் புகழும் அல்கோல் டர்பனில் 19 பாகைக்கு மேல் ஏறாது, நமக்கு அது எதற்கு? நூறு வருடத்துக்கு முன் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் லவ்டேலில் ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் ராபர்ட்ஸ், தென்வானத்தின் இத்தகைய விண்மீன்களை வருடக்கணக்கில் கண்ணாலேயே அளந்து, நெருங்கிய இரட்டைகளின் வடிவத்தைக் கணக்கிட்டார். பள்ளம் என்பது என்ன என்று கண் ஒரு முறை பார்த்துவிட்டால் அப்புறம் திரையில் போலியை அது தானாகவே ஒதுக்கும்.

பையனின் விண்மீனுக்கு மூன்று இரவு ஆனது. முதல் இரவு மேகம். இரண்டாவது இரவு கணித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்கத் தொடங்கிவிட்டது, பாதிதான் கிடைத்தது. மூன்றாவது இரவு முழுப் பள்ளமும் 15ஆம் பொலிவெண் விண்மீனில் வந்தது. பளிச்சென்ற 11 அசையவில்லை.

பதிவு செய்யப் போகும்முன் மாறும் விண்மீன்களின் வி.எஸ்.எக்ஸ். அட்டவணையில் தேடுங்கள், அதுவும் 5 விகலை ஆரத்தில் இல்லை, ஒரு கலை ஆரத்தில். உங்களுக்கு முன் டெஸ் தரவில் அதே பள்ளத்தைக் கண்டவர் பளிச்சென்ற பக்கத்து விண்மீனின் பேரில் பதிந்திருக்கலாம். டெஸ்ஸின் முதல் இரண்டு ஆண்டுத் தரவிலிருந்து 2022இல் வந்த கிரகண இரட்டைப் பட்டியலில் மட்டும் 4584 இருக்கின்றன, அதையும் புரட்டுங்கள். இல்லையென்றால், மறையும் விண்மீனின் கையா இடக்குறியை எழுதுங்கள், தரவு இறக்கும்போது நீங்கள் தட்டிய விண்மீனின் இடக்குறியை அல்ல. பையன் முதல் படிவத்தில் பழைய எண்ணையே எழுதி வைத்திருந்தான்.

அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னேன்.